வீட்டில் தங்காத வைரம்

‘திரும்பி வந்ததற்கான காரணம்’ என்ற கட்டத்தில் எழுதியதை வெங்கிடேஷ் மூன்றாவது முறையாக அழித்தான். பக்கத்து நாற்காலியிலிருந்து லிபி எட்டிப் பார்த்தாள். அவனைவிடப் பதினைந்து வயது இளைய மலையாளிப் பெண், அவனுக்கு மேலதிகாரி.

“சாரே, அத சும்மா விட்டா மதி. பாரிஸ்ல யாரும் கேக்கப் போறதில்ல.”

காரணம் அவனுக்குத் தெரிந்திருந்தது. அதுதான் சிரமமாக இருந்தது.

கழக்கூட்டத்தில் அவர்களுடைய அலுவலகம் வெளிநாட்டு நிறுவனங்களின் பழைய காகிதங்களைப் படித்து வரிசைப்படுத்திக் கொடுக்கும். இரண்டு வருடமாக அவனிடம் இருந்தவை பாரிஸின் ஃபெரான் குடும்பத்து நகைக்கடைக் காகிதங்கள். அவர்கள் கடையை ‘வீடு’ என்றே எழுதுவார்கள். 1887இல் ஒற்றை மேஜையோடு தொடங்கியவர் ஒகுஸ்த் ஃபெரான். மகன் யுத்தத்தில் இறந்தபின் மருமகள் நடத்தினாள். அண்ணன் தம்பிகள் பேச்சுவார்த்தை இல்லாமல் ஒரே கூரையின் கீழ் இருபது வருடம் வியாபாரம் செய்தார்கள். கடையை விற்கவில்லை. இப்போது ஐந்தாம் தலைமுறையில் கிளேர் என்ற பெண் அந்தச் சரித்திரத்தைப் புத்தகமாகப் போடுகிறாள்.

வெங்கிடேஷ் கரமனைக்காரன். வெளிநாடு போகலாம் என்று இருபது வயதில் மாலை வகுப்பில் ஃபிரெஞ்சு படித்தான். எங்கும் போகவில்லை. அந்த மொழியில் அவன் பேசிய மனிதர்கள் பத்துப் பேர் இருக்கலாம். படித்ததெல்லாம் இறந்துபோனவர்களின் கடிதங்கள்.

1934ஆம் வருடக் காகிதக் கட்டில் அவன் தெருவின் பெயர் வந்தது. கரமனை வக்கீல் ஒருவருக்குத் தோடு கட்ட இரண்டு வைரங்கள், பம்பாய் முகவர் வழியாக. வந்து சேர்ந்த தேதிக்கும் திருப்பித் தபாலில் போட்ட தேதிக்கும் நடுவே மூன்று இரவுகள். காரணம் எழுதப்படவில்லை. கல்லில் ஏதோ குறை என்று பாரிஸ் ‘வீட்டார்’ முடிவு செய்து, அதைத் தேர்ந்து அனுப்பிய எமில் என்பவரை வேலையிலிருந்து நீக்கியிருந்தார்கள். எமிலுக்கு அங்கே இருபத்திரண்டு வருட வேலை.

கரமனையில் வைரம் வாங்கினால் கட்டுவதற்கு முன் மூன்று நாள் வீட்டில் வைத்துப் பார்ப்பார்கள். அதற்குள் ஏதாவது கெட்டது நடந்தால் கல் ராசியில்லை. திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். வக்கீல் வீட்டில் யாரோ வழுக்கி விழுந்திருக்கலாம். பால் திரிந்திருக்கலாம்.

அதை எழுதி அனுப்பினான். லிபி படித்துவிட்டு, சார் எழுதுவது ஹிஸ்டரியா ஜாதகமா என்று கேட்டாள். இரண்டு நாளில் கிளேரின் பதில் வந்தது. எமிலின் பேத்தி உயிரோடு இருக்கிறாளாம். அவளுக்குத் தானே கடிதம் எழுதப்போவதாகவும், புத்தகத்தில் அந்த வரியை மாற்றிவிட்டதாகவும் சொல்லியிருந்தாள். நாலே வரி.

அன்று பஸ்ஸில் கரமனை நிறுத்தத்தில் இறங்க மறந்து, அடுத்ததில் இறங்கித் திரும்பி நடந்தான்.

அவன் மனைவி அனந்தலக்ஷ்மிக்கு வைரத்தோடு வாங்க இரண்டு தடவை கல் கொண்டுவந்திருக்கிறான். முதல் தடவை ஸ்கூட்டரிலிருந்து விழுந்தான். இரண்டாம் தடவை குழந்தை ஜானவி ஸ்லேட்டை உடைத்தாள். அதுவும் கணக்கில் சேர்ந்தது. மூன்றாம் தடவை அவன் கல்லை வீட்டுக்கே கொண்டுவரவில்லை. சாலைக் கடைவீதியிலிருந்து நேராகத் தோடு கட்டுகிறவரிடம் கொடுத்துவிட்டான். லக்ஷ்மியின் தம்பி கல்யாணத்துக்கு நாலு நாள் இருந்தது. தோட்டைக் கொடுத்தபோது, உனக்குத் தெரியாமல் மூன்று நாள் அலமாரியில் வைத்திருந்தேன் என்றான். அவள் சிரித்தாள். கள்ளன் என்றாள்.

நாலு மாதம் கழித்து ஜானவிக்குக் காய்ச்சல். ஒரு நாள் பார்க்கலாம் என்று லக்ஷ்மி கஷாயம் கொடுத்தாள். மறுநாள் ஆஸ்பத்திரி. நான்காம் நாள் குழந்தை இல்லை. ஏழு வயது.

அந்த வாரம் லக்ஷ்மி ஒரே ஒரு தடவை கேட்டாள், நிஜமாகவே மூன்று நாள் வைத்தீர்களா என்று. வைத்தேன் என்றான்.

“அப்போ கல்லு மேல குத்தமில்ல,” என்றாள்.

பிறகு குற்றம் போவதற்கு வேறு இடம் இல்லை. பதினோரு வருடமாக அந்த ஒரு நாளை அவள் சுமந்தாள். யார் வீட்டுக் குழந்தை தும்மினாலும், இப்பவே அழைச்சுண்டு போங்கோ என்பாள். தோட்டை மட்டும் கழற்றவில்லை. அதற்கு ராசி உண்டு என்று அவளுக்கு உறுதியாகத் தெரிந்திருந்தது.

அன்று மாலை லக்ஷ்மி சமையலறையில் பயற்றங்காய் ஒடித்துக்கொண்டிருந்தாள். அவன் செருப்போடு உள்ளே வந்து நின்றான்.

“லக்ஷ்மி, அந்தக் கல்ல நான் ஆத்துல வெக்கலை. ஒரு நாள்கூட.”

அவள் கை நின்றது.

“அலமாரில வெச்சேன்னேளே.”

“பொய்.”

கையிலிருந்த பயறை ஒடிக்காமலே கீழே வைத்தாள். பிறகு குழந்தை கேட்பதுபோலக் கேட்டாள்.

“அப்போ... நான் இல்லையா?”

கல் யாரையும் கொல்லாது என்று அவனுக்குத் தெரியும். அதைச் சொல்லவில்லை.

“நீ இல்ல,” என்றான்.

அவள் முதலில் வலது காதிலிருந்து கழற்றினாள். பதினோரு வருடமாகக் கழற்றாத திருகு. இடது காதில் லேசாக ரத்தம் வந்தது. இரண்டையும் பயறு நாரின் மேல் வைத்தாள்.

“அன்னிக்குக் கேட்டேனே,” என்றாள். “அன்னிக்கே சொல்லியிருக்கலாமே.”

மறுநாள் வியாழக்கிழமை. லக்ஷ்மி ஐந்தரைக்கு எழுந்து காப்பி போட்டாள். ஒரே டம்ளர், தனக்கு. அவன் எட்டு மணி பஸ்ஸில் போனான். கழக்கூட்டத்தில் வழக்கமான நெரிசல். 1935ஆம் வருடக் கட்டைப் பிரித்தான். அந்த வருடம் எதுவும் திரும்பி வரவில்லை. லிபிக்குப் பிறந்தநாள், கேக் கொடுத்தாள். மாலை ஏழு மணிக்கு வீடு பூட்டியிருந்தது. சாவி அடுத்த வீட்டில் இருந்தது. காலை பத்து மணிக்கு லக்ஷ்மியின் தம்பி கார் கொண்டுவந்து அவளை அழைத்துப்போனதாகச் சொன்னார்கள். ஒடித்த பயறு மூடிவைத்த பாத்திரத்தில் இருந்தது. அவன் அதை வேகவைத்தான்.