பட்டியலில் விடுபட்ட படம்

என் மகளின் முதல் பிறந்தநாளைப் பூந்தமல்லியில் ஒரு மண்டபத்தில் நடத்த ஈவென்ட் பிளானரை அமர்த்தினேன்.

"வாசல்லயே வரவேற்கணும், முக்கியமானவங்க போட்டோ அனுப்புங்க சார்" என்றார்.

மாமனார், மாமியார், ஆபீஸ் மேனேஜர் என்று பதினோரு படங்கள் அனுப்பினேன். அப்பா படம் அதில் இல்லை. மறந்துவிட்டதாகத்தான் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

அப்பா முகப்பேரில் ஓர் அபார்ட்மென்ட் வாட்ச்மேன். டூட்டி முடிந்து யூனிஃபார்மோடு நேராக வந்திருக்கிறார். மண்டபத்து வாட்ச்மேன் என்று நினைத்த பிளானரின் ஆள், "இவ்ளோ லேட்டாவா வருவே? போய் வண்டிங்களைப் பாரு" என்று விசிலைக் கொடுத்திருக்கிறார்.

கேக் வெட்டியபோது நான் அப்பாவைத் தேடவில்லை. "பார்க்கிங் பிரமாதம்" என்று மேனேஜர் பாராட்டியபோது பூரித்துப்போனேன். அவரை வழியனுப்ப வெளியே வந்தால், கார் கதவைத் திறந்து பிடித்தபடி அப்பா நிற்கிறார். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

கார் போனதும், "ஏம்பா, நீ யாருன்னு அவங்களாண்ட சொல்லக்கூடாதா?" என்றேன்.

"நீ சொல்லுவேன்னு பார்த்துகினு இருந்தேன்" என்றார்.

இந்த வருடப் பிறந்தநாளுக்கு அப்பா படத்தைத்தான் பிளானருக்கு முதலில் அனுப்பினேன். அன்றைக்கு டூட்டி இருக்கிறதாம் அப்பாவுக்கு.