இரண்டாம் வாசகத்துக்கு முன்னுரை

உறை மாட்டிய கையைத் தோள்வரை பசுவின் பின்புறத்தில் விட்டுச் சினை பார்த்தபடியே பிலோமினாள் பவுலைத் திட்டிக்கொண்டிருந்தார்.

“மூணு மாட்ட ஒரே கயித்துல கட்டப் பாக்குறேன். ரெண்டு வந்து நிக்குது. இந்தப் பவுலு மட்டும் தெறிச்சு ஓடுறாரு.”

மாட்டின் தலையைப் பிடித்திருந்த மலைச்சாமி திகைத்தார். “எந்தப் பவுலு, டாக்டரம்மா? பால் டெப்போக்காரரா?”

“பைபிள்ல இருக்கவருண்ணே. மூணு மாசச் சினை. நல்லா இருக்கு.”

பிலோமினாள் கால்நடை ஆய்வாளர். உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கத்து ஊர்களுக்கு ஸ்கூட்டரில் போய் மாடுகளைப் பார்ப்பது வேலை. பங்குக் கோயிலின் ஞாயிறு பூசையில் படிக்கும் பைபிள் வாசகங்களுக்கு முன்னுரை எழுதுவது, பதினோரு வருடங்களுக்கு முன் தானாக வாங்கிக்கொண்ட வம்பு. வாரத்துக்கு மூன்று வாசகம். ஒவ்வொன்றுக்கும் முன்னால், அது என்ன சொல்கிறது, மற்றவற்றோடு எப்படிச் சேர்கிறது என்று நாலு வரி. தடுப்பூசிப் பதிவேட்டின் பின்தாள்களில் எழுதிப் பார்ப்பார். எழுத்தைவிட அடித்தல் அதிகம்.

“வாட்சப்புலயே முன்னுரை வருதேக்கா, அத வாசிச்சா என்ன?” என்பார் பீடத்தில் வாசிக்கும் ஸ்டீபன். போன மாதம் பிலோமினாள் காய்ச்சலில் படுத்தபோது அப்படித்தான் ஓர் ஏழை விதவையைப் பற்றி உருக்கமாகப் படித்தார். அடுத்து வந்த வாசகத்தில் விதவையே இல்லை. வேறு வருடத்து முன்னுரை. “சனம் பூசை முடியிற வரைக்கும் அந்த விதவையத் தேடிக்கிட்டு உக்காந்திருந்துச்சு, தம்பி!” என்று இன்றைக்கும் பொருமுகிறார்.

இந்த வாரம் முதல் வாசகத்தில், ஆற்றில் ஏழு முறை முழுகித் தொழுநோய் நீங்கிய நாமான் நன்றி சொல்லத் திரும்பி வருகிறான். மூன்றாவதான நற்செய்தியில் இயேசு பத்துத் தொழுநோயாளிகளைக் குணமாக்குகிறார். ஒருவன் மட்டும் திரும்பி வருகிறான். இரண்டும் ஒட்டிக்கொண்டன. நடுவில், இரண்டாம் வாசகமாக, பவுலின் கடிதம்.

கை கழுவத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே மலைச்சாமி எல்லாவற்றையும் கேட்டார். “மத்த ஒம்பது பேரும் பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு போயிருப்பாய்ங்க. சரி, பவுலு என்ன எழுதுறாரு?”

“செயில்ல இருந்து, கூட ஊழியம் பாத்தவருக்குக் கடுதாசி.”

“அது அவக ரெண்டு பேரு சங்கதி. அத எதுக்கு இதோட முடிச்சுப் போடுறீக?”

பிலோமினாளுக்குச் சுருக்கென்றது. பங்குத்தந்தையும் இதையேதான் சொல்கிறார்: அது வாராவாரம் தொடர்ந்து வாசிக்கிற கடிதம், ஒட்டாவிட்டால் விட்டுவிடும்மா. “நீங்களுமாண்ணே!” என்று வண்டியை உதைத்துக் கிளப்பினார்.

ஞாயிறு காலை அவர் ஸ்டீபன் கையில் கொடுத்த தாளில் இரண்டாம் வாசகத்துக்கான இடம் வெறுமையாக இருந்தது. ஸ்டீபன் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, முதல் வரிசையிலிருந்த அவரைப் பார்த்தார். ‘வாசி’ என்று எரிச்சலோடு கையை வீசினார் பிலோமினாள்.

முன்னுரையில்லாமல் வாசகம் தொடங்கியது. நான் கைவிலங்கோடு சிறையில் கிடக்கிறேன், கடவுளின் வார்த்தைக்கு விலங்கில்லை என்று பவுல் சொல்லும் இடம் வந்தது. பிலோமினாள் நிமிர்ந்தார்.

“அடச்சே!” பக்கத்திலிருந்த பெண் திரும்பிப் பார்க்க, அவளிடமே முணுமுணுத்தார்: “நோய் தீந்து நடமாடுற ஒம்பது பேரு வாயத் தொறக்கல. வெலங்கு மாட்டுன மனுசன் ஓயாமப் பேசுறாரு. இது நேத்து எனக்குத் தோணலியே!”

இதே வாசகங்கள் திரும்பி வர இன்னும் மூன்று வருடம் ஆகும். நற்செய்திக்கு முந்தைய அல்லேலூயாப் பாட்டு தொடங்கியது. கோயில் முழுக்க எழுந்து நின்றது. பிலோமினாள் மட்டும் உட்கார்ந்தபடியே, காணிக்கை உறையை முழங்காலில் வைத்து வேகவேகமாக எழுதிக்கொண்டிருந்தார்.