அம்மா கூப்பிட்டா மட்டும்

எங்க ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல அவளுக்குப் பேரு 'படபடப்பு'. வச்சதே நான்தான். அடுப்பை அணைச்சோமா, கதவைப் பூட்டினோமான்னு பாதி வழியில திரும்பிப் போற ஜென்மம். பெட்ஷீட் மடிக்க ரெண்டு பேர் வேணும், ஆளுக்கு ஒரு பக்கம். பல வருஷமா ஒரு பக்கம் நான், மறுபக்கம் அவ. நாள் முழுக்க அவ பயத்தைக் கேட்டுக் கேட்டு என் காது தேஞ்சதுதான் மிச்சம்.

பயத்துக்குக் காரணம் இல்லாம இல்லை. சின்ன வயசுல பஸ் ஸ்டாண்ட் கூட்டத்துல எவனோ ஒருத்தன் இவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, கையைப் பிடிச்சு ரெண்டு தெரு தள்ளி இழுத்துட்டுப் போயிட்டானாம். கடைக்காரம்மா ஒருத்தங்க சந்தேகப்பட்டு மடக்கினதால தப்பிச்சா. அந்தப் பிடி இன்னும் மணிக்கட்டுல இருக்குன்னு சொல்லுவா.

பள்ளிக்கூடம் லீவு விட்டா, குழந்தையை யார்கிட்ட விடறதுன்னு அவளுக்குத் தூக்கம் போயிடும். வீட்டுக்காரர் லாரி ஓட்டறவர். கிளம்பினா எப்ப திரும்புவார்னு அவருக்கே தெரியாது. ரெண்டாவது படிக்கிற பொண்ணு ஒண்ணு. போன லீவுக்குப் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கிட்டாங்க. இப்ப அவங்க வீடு மாறிப் போயிட்டாங்க. பொண்ணை வீட்டுல பூட்டி வச்சுட்டா வரப்போற, பேசாம கோடை முகாம்ல சேர்த்துடுன்னு நான்தான் அடிச்சுச் சொன்னேன். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துல நடக்குது. காலையில விட்டா சாயங்காலம் கூட்டிட்டு வரலாம். நடுவுல படம் வரையறது, பந்து விளையாடறது, மதியம் ஒரு தூக்கம்.

சேர்த்தா. நிம்மதியா சேர்த்தாளா? தினம் காலையில கேட் முன்னால குழந்தையோட ரெண்டு தோளையும் பிடிச்சுக்கிட்டுப் பாடம் நடத்துவா. தெரியாத ஆளைப் பார்த்தா ஒளிஞ்சுக்கணும். யார் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் வாயைத் திறக்கக் கூடாது. அம்மா வந்து கூப்பிட்டா மட்டும்தான் வெளிய வரணும். திருப்பிச் சொல்லும்பா. அது கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கும். அவங்களை ஏத்திட்டு வந்த நான் ஸ்கூட்டரை உறும விட்டுக்கிட்டு, போதும்டி, குழந்தைக்கு ஜுரம் வந்துடப் போகுதுன்னு கிண்டல் பண்ணுவேன். அவளுக்குச் சிரிப்பே வராது.

அன்னிக்கு மதியம் சூடா வந்த பெட்ஷீட்டை ரெண்டு பேரும் உதறிக்கிட்டு இருக்கோம். மெஷின் போடற சத்தத்துல அங்க யார் பேசினாலும் காதுல விழாது. செல்போனை வெளிய அலமாரியில வச்சுட்டுத்தான் உள்ள வரணும். சூப்பர்வைசர் அவ பக்கத்துல வந்து குனிஞ்சு என்னமோ சொன்னார். அவ முகம் பேயறைஞ்ச மாதிரி ஆயிடுச்சு. கையில இருந்த ஷீட் நழுவித் தரையில விழுந்துச்சு. இத்தனை வருஷத்துல அவ ஒரு ஷீட்டைக் கீழ விட்டு நான் பார்த்ததில்லை.

குழந்தையைக் காணோமாம்.

ஸ்கூட்டர்ல பின்னாடி உட்கார்ந்து அவ என்னைப் பிடிச்ச பிடியில எனக்கு மூச்சு முட்டிச்சு. வாய் ஓயாம பயப்படறவ வாயே திறக்காம வந்ததுதான் எனக்குப் பயமா இருந்துச்சு. முகாம்ல சேர்த்துடுன்னு சொன்ன பாவி நான்தானேன்னு வண்டியை முறுக்கினேன்.

முகாம் டீச்சர், இப்பத்தான் படிப்பு முடிச்ச சின்னப் பொண்ணு, அழுது மூஞ்சி வீங்கி நிக்குது. கண்ணாமூச்சி விளையாடினாங்களாம். எல்லாப் பிள்ளைகளும் வந்தாச்சு, இது மட்டும் வரலை. கழிப்பறை, மொட்டை மாடி, தண்ணித் தொட்டின்னு ஒண்ணு விடாம தேடிட்டாங்களாம். வெளியாள் யாராவது வந்தாங்களான்னு கேட்டேன். ஃபேன் ரிப்பேர் பண்ண ஒருத்தன் வந்தான், முடிச்சுட்டு வேன்ல கிளம்பிட்டான்னு வாட்ச்மேன் இழுத்தார். வேன்னு கேட்டதும் அவ அப்படியே தரையில உட்கார்ந்துட்டா. தன் மணிக்கட்டைத் தானே இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா. போலீசுக்குச் சொல்லியாச்சுன்னு யாரோ சொன்னது அவ காதுல ஏறவே இல்லை.

எனக்கு இருப்புக் கொள்ளலை. ஒவ்வொரு ரூமாப் போய்த் தொண்டை கிழியக் கத்தினேன். பெரியம்மா வந்திருக்கேன்டி செல்லம்னு கெஞ்சினேன். விளையாட்டுச் சாமான் அறையிலயும் கத்தினேன். சுவத்தோரமா மெத்தைகளை அடுக்கி வச்சிருந்தாங்க, மேல ரிப்பேர் பண்ணின ஃபேன் சுத்திக்கிட்டு இருந்துச்சு. ஒரு முனகல்கூட இல்லை. திரும்பி வந்து, எவ்வளவு கூப்பிட்டும் பதிலே இல்லைடின்னேன்.

அவ நிமிர்ந்து என்னையே பார்த்தா.

"பதில் சொல்ல மாட்டா. நான்தான் சொல்லக் கூடாதுன்னேன்."

எழுந்து ஓடினா. ஒவ்வொரு வாசல்லயும் நின்னு கூப்பிடறதுக்கு வாயைத் திறக்கறா, வெறும் காத்துதான் வருது. இவ கூப்பிட்டாதான் அது வரும், இவளுக்கோ குரல் இல்லை. நான் கடவுளைத் திட்டிக்கிட்டே பின்னால ஓடறேன். சாமான் அறைக் கதவைப் பிடிச்சுக்கிட்டு, "அம்மா வந்துட்டேன்"னா. கரகரன்னு யார் குரலோ மாதிரி இருந்துச்சு. ஒண்ணும் அசையலை. இன்னொரு தடவை சொன்னா, கொஞ்சம் அவ குரலா.

மெத்தைக்கும் சுவத்துக்கும் நடுவுலருந்து ஒரு கை வந்துச்சு. அப்புறம் வேர்வையில குளிச்ச முகம். கவுன் கீழே நனைஞ்சிருந்துச்சு. அவசரத்துக்குக்கூட வெளிய வரலை அது.

"ஏணியோட ஒரு மாமா வந்தார்மா, தெரியாத மாமா. அதான் அப்படியே இருந்துட்டேன். டீச்சர் கூப்பிட்டாங்க, பெரியம்மா கூப்பிட்டாங்க, நான் வாயே திறக்கலை. சரியா செஞ்சேனா?"

அவ அள்ளி எடுத்துக்கிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதா. நானும் அழுதேன், வெக்கம் என்ன வெக்கம்.

மறுநாள் வேலைக்கு வராம இருக்க முடியுமா? நோயாளிங்க படுக்கற படுக்கைக்கு லீவு ஏது. காலையில வழக்கம்போல கேட் முன்னால ரெண்டு தோளையும் பிடிச்சா. பாடம் வரலை. குழந்தை காத்துக்கிட்டு நின்னுச்சு, அப்புறம் அதுவே கேட்டுச்சு.

"இன்னிக்கு யார் கூப்பிட்டா வரணும்மா?"

கேட்டுக்கு உள்ள அந்த டீச்சர் பொண்ணு நின்னுக்கிட்டு இருந்துச்சு. இவ அந்தப் பொண்ணையே பார்த்தா. பார்த்துக்கிட்டே குழந்தையோட கையைக் கொண்டுபோய் அந்தப் பொண்ணு கையில வச்சா.

"இந்த அக்கா கூப்பிட்டா போ."

சொல்லிட்டா, ஆனா தன் கையை எடுக்க அவளால முடியலை. நான் ஸ்கூட்டரை அணைச்சுட்டு இறங்கிப் போய், அவ விரலை ஒவ்வொண்ணாப் பிரிச்சு விட்டேன்.