பொழுது சாயும் முன் சாம்பார்

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் பழம் வாங்கிக்கொண்டிருந்தபோது தரணேந்திரனின் மகன் போன் செய்தான். "நைனா போய்ட்டாரு சார். இருட்டறதுக்குள்ள எடுத்துடுவோம், வந்துடுங்க." மேல்சித்தாமூர் பஸ்ஸில் அழுதுகொண்டே போனேன். இதற்கும் பொழுது சாயக் காத்திருக்க மாட்டாரா மனுஷன் என்று நடுவில் சிரிப்பும் வந்து தொலைத்தது.

பழகியவர்களுக்குத் தெரியும், அவர் சமணர். இருட்டிய பின் பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டார். ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்களான நாங்கள் இருவரும் அந்நியர்கள் எழுதிவைத்த பயணக்குறிப்புகளைக் கொண்டு, நாயக்கர் காலத்தில் செஞ்சிச் சீமை மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று புத்தகம் எழுதிக்கொண்டிருந்தோம்.

ஒரு குறிப்பில், இந்நாட்டார் இரவில் உண்பதே இல்லை என்று இருந்தது. உற்சாகத்தில் நான் ஓர் அத்தியாயமே எழுதிவிட்டேன். அவர் அடுத்த பக்கத்தைக் காட்டினார். தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் கொடுத்தார்களாம்.

"இது எங்க ஆளுங்க ஊடு சார். ஊரே சாப்ட்டுட்டுத்தான் தூங்கியிருக்கும், பாவம், இவன் மட்டும் பட்டினி. எழுதினவன் எங்க சாப்ட்டான்னு மொதல்ல பாருங்க."

என் அத்தியாயம் குப்பைக்குப் போயிற்று.

அப்பேர்ப்பட்டவர் கத்தோலிக்கர்களான எங்கள் விஷயத்தில் சறுக்கினார். ஞாயிறுதோறும் வீட்டுக்கு வருவார். அவர் தனியாகச் சாப்பிடக்கூடாதென்று என் மனைவி ரோஸ்லின் வெயிலோடு வெங்காயமில்லாத சாம்பார் வைப்பாள். எல்லோரும் சேர்ந்தே உட்காருவோம். இவ்வட்டாரக் கத்தோலிக்கர் பொழுது சாயும் முன்பே, பெரும்பாலும் சைவமாக, உண்கிறார்கள் என்று அவர், இன்றைய வழக்கங்களைச் சொல்லும் கடைசி அத்தியாயத்தில் எழுதிவிட்டார். அவர் கிளம்பியதும் அடுப்பில் கறி ஏறும் என்று எப்படிச் சொல்வது? சொன்னால், தன்னால் எங்களுக்குச் சிரமம் என்று வருவதையே நிறுத்திவிடுவார்.

"புக்ல தப்பு இருந்தா இருந்துட்டுப் போவுது. அண்ணன் வரணும்" என்றாள் ரோஸ்லின்.

ஒருநாள் பஸ் வரத் தாமதமாக, மறந்த குடையை எடுக்கத் திரும்பி வந்துவிட்டார். என் கையில் எலும்பு.

"இத்தினி நாளா ரெண்டு பந்தியா சார்?" சிரித்துச் சிரித்து அவருக்கு இருமலே வந்துவிட்டது. "நானும் அந்தக் குறிப்பு எழுதினவன மாதிரியே ஏமாந்துட்டன் பாரு, தங்கச்சி." அந்த வரியை அங்கேயே அடித்தார். அடுத்த ஞாயிறு வருவாரா என்று பயந்தே கிடந்தோம்.

வந்தார். "சாம்பார் இருக்குதா?"

அவர் காலமான பிறகு வந்த ஞாயிறும் ரோஸ்லின் வெயிலோடு சாம்பார் வைத்தாள். சாப்பிட்டோம். அதன்பின் கறி யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. இன்றுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் அப்படித்தான். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான்.

அவர் அடித்த வரியை மறுபடி சேர்த்திருக்கிறேன், ஊரை எடுத்துவிட்டு எங்கள் வீட்டுக்கு மட்டும். எழுதினவன் எங்கே சாப்பிட்டான் என்று கேட்பீர்களே, தரணேந்திரன்? அங்கேதான்.