பதினாறா, பதினேழா

எங்கள் மதினி தங்கமயிலை மாட்டுங்கா லேபர் கேம்பில் எல்லோருக்கும் குரலால் தெரியும். ஆள் வருவதற்கு முன்னால் குரல் வந்துவிடும். விடியற்காலையில் குழாயில் தண்ணீர் வந்ததும் அவள் போடும் சத்தத்தில்தான் பக்கத்து வீட்டு ராபியா எழுந்திருப்பாள். அலாரம் வைத்துப் பழக்கமில்லை. மதினி பிறந்தது, மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் எட்டாவது வரை படித்தது, கல்யாணமாகி வந்தது எல்லாம் இந்தக் கேம்புக்குள்தான், நாலு சந்து தள்ளி. தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை ஒன்றில் ஜிப் வைக்கிற வேலை. இருபத்திரண்டு வருஷமாக அதே பட்டறை, அதே ஸ்டூல்.

என் அண்ணன் சுடலைக்கண்ணன் அதிகம் பேசமாட்டான். தாராவியில் இசக்கிராஜ் நடத்தும் அச்சகத்தில் தமிழ் டைப் அடித்துக்கொண்டிருந்தான். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி. மிச்ச வேலையை வீட்டுக்குக் கொண்டுவருவான். பத்துக்குப் பன்னிரண்டு அறை. அதில் ஒரு மூலை முழுக்க அவன் மேஜை, மேஜைக்கடியில் பெரிய பழைய கம்ப்யூட்டர். மதினிக்கு அது கம்ப்யூட்டர் இல்லை, "பெட்டி". பாத்திரம் வைக்க இடமில்லாத வீட்டில் இந்தப் பெட்டி கால் நீட்டிப் படுத்திருக்கிறதே என்று தினம் ஒரு பாட்டு. அண்ணன் திரும்பியே பார்க்கமாட்டான். முதுகு லேசாகக் குலுங்கும். சிரிக்கிறானா, எரிச்சல்படுகிறானா என்று முதுகை வைத்துச் சொல்லமுடியாது.

போன வருஷம் ஜூலையில் ஒரு காலை. குக்கர் கேஸ்கெட் போய் மூன்று வாரம். தினம் சொல்லியும் அண்ணன் வாங்கிவரவில்லை. அன்றும் பருப்பு வேகவில்லை, பட்டறைக்கு நேரமாகிவிட்டது. மதினி வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே கத்தினாள்: "நீரு அந்தப் பெட்டியக் கட்டிக்கிட்டே செத்துப் போரும்."

அன்று சாயங்காலம் தாதர் ஸ்டேஷன் பாலத்தில் அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை.

வீட்டில் உடலைக் கிடத்த இடம் வேண்டும். மேஜையையும் பெட்டியையும் சந்தில் எடுத்துப் போட்டார்கள். திரையை மட்டும் ராபியா தன் வீட்டுக்குள் வாங்கிக்கொண்டாள். மதியம் சாப்பிட வந்த அண்ணன் கம்ப்யூட்டரை அணைக்காமலே போயிருக்கிறான். யாரோ வயரைப் பிடுங்குவதற்கு முன்னால் திரையில் தமிழில் ஏதோ இருந்ததை மதினி பார்த்தாள். தலைப்பில் அவள் பேர். அதற்குள் திரை இருண்டுவிட்டது. அன்று கொட்டிய மழையில் பெட்டியும் நனைந்து, அப்புறம் உயிர் பெறவே இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று மதினி என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: "கோகிலா, எங்கிட்ட கோவிச்சுக்கிட்டுத்தான் போயிருக்காரு. பிரஸ்ஸு தாராவியில. தாதர்ல அவருக்கு என்ன வேல? மனசு பொறுக்காம எங்கயோ நடந்திருக்காரு. என்னப் பத்தி ஏதோ எழுதியும் வச்சிருக்காரு."

அதற்குப் பிறகு அவள் கத்தவில்லை. சந்தில் தண்ணீர் வரும், போகும். ராபியா இரண்டு தடவை தண்ணீர் பிடிக்காமல் தூங்கிப்போனாள்.

பெட்டியை அவள் எடைக்குப் போடவும் விடவில்லை, திறக்கவும் விடவில்லை. இந்த ஆகஸ்டில் அவர்கள் மகள் ஷாலினி பிகாம் சேர்ந்தாள். செப்டம்பரில் அவளுக்கு ஒரு கம்ப்யூட்டர் கட்டாயம் என்றானபோது, நான் சின்னதாக ஒன்று வாங்கித் தருகிறேன் என்றேன். அப்போதுதான் மதினியே கேட்டாள், பழையதில் இருப்பதைப் புதியதில் மாற்ற முடியுமா என்று. பதினாலு மாதமாக அந்தக் கேள்வியை வாயில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

நைன்ட்டி ஃபீட் ரோட்டில் கடை வைத்திருக்கும் காசிமிடம் பழைய பெட்டியையும் கீபோர்டையும் தூக்கிக்கொண்டு மூன்று பேரும் போனோம். அவன் கண்ணாடி மேஜைமேல் புதியதை எடுத்து வைத்தான். மதினி அதை இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

"மீதி எங்கப்பா?"

"மீதி இல்லக்கா. இவ்ளோதான்."

"ஷாலினி டிபன் டப்பா இதவிடப் பெருசு."

"டப்பால சோறுதான் போகும். இதுல உங்க கேம்ப்பே போகும்."

பழைய பெட்டியைத் திறந்து உள்ளேயிருந்து டிஸ்க்கை உருவினான். ஈரம் அதைத் தொடவில்லை. ஃபைல்களை மட்டும் புதியதில் ஏற்றித் திறந்து பார்த்தவன் உதட்டைப் பிதுக்கினான். திரை முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கலைந்து கிடந்தது. ஃபைல் பேர்கள்கூட அப்படித்தான்.

"எல்லாம் கரப்ட்டுக்கா. வைரஸ் தின்னுட்டுது. சும்மா எடத்தப் புடிச்சுட்டுக் கெடக்கு, டெலீட் பண்ணிரவா?"

"கைய எடு." பதினாலு மாதத்தில் முதல் தடவையாக அந்தப் பழைய குரல். காசிம் நிஜமாகவே கையை எடுத்துவிட்டான்.

கிளம்பும்போது புதிய கீபோர்டு ஒன்றைக் கொடுத்து, பழையதைக் கழித்துவிடச் சொன்னான். அதன் உருண்டைப் பின்னுக்கு இதில் ஓட்டை கிடையாது. மதினி புதியதை ஷாலினியிடம் கொடுத்துவிட்டுப் பழையதைத் தன் பைக்குள் செருகிக்கொண்டாள்.

வீட்டில் மாட்டுவதற்கு அரைமணிகூட ஆகவில்லை. பழைய திரையின் வயர் சேரவில்லை. ஷாலினி காசிமிடம் ஓடி நடுவில் சொருகும் சின்ன பின் ஒன்றை வாங்கிவந்தாள். கம்ப்யூட்டரைத் திரையின் முதுகிலேயே திருகி மாட்டியதும் அது இருக்கிற இடமே தெரியவில்லை. மேஜைக்கடி காலியாகிவிட்டது. மதினி அங்கே குனிந்து ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு அரிசி டின்னைத் தள்ளி வைத்தாள்.

"அத்தை, இதப் பாருங்க." ஷாலினி அப்பாவின் ஃபோல்டரைத் திறந்திருந்தாள். தேதி வரிசையில் கடைசி ஃபைல், அண்ணன் இறந்த அன்று மதியம் இரண்டு பத்துக்கு சேவ் செய்தது. அதன் பேர்: jq;fkapy;

"சேவ் பண்ணிட்டுத்தான் போயிருக்காங்க. ஆனா படிக்கத்தான் வரல," என்றாள் ஷாலினி. அவளுக்கு இந்தி தண்ணீர்பட்ட பாடு. தமிழ் பேசுவாள், எழுத்துக்கூட்டினால் மூச்சு வாங்கும்.

மதினி கட்டிலில் உட்கார்ந்து, பழைய கீபோர்டை மடியில் வைத்து முந்தானையால் தூசி துடைத்துக்கொண்டிருந்தாள். அதன் கட்டைகளில், ஆங்கில எழுத்துக்குப் பக்கத்தில், வெள்ளை நெயில் பாலிஷால் தமிழ் எழுத்துகள். நெயில் பாலிஷ் என்னுடையது. நான் காலேஜில் படித்தபோது வாங்கியது. மதினிக்கு டைப் கற்றுத்தருகிறேன் என்று அண்ணன் எழுதியவை. அவள் நாலு நாள் படித்துவிட்டு, "என் விரல் ஜிப்புக்குத்தான் லாயக்கு" என்று எழுந்துவிட்டாள்.

"அதுக்குப் பேரு என்ன போட்டிருக்கு, சொல்லு," என்றாள் இப்போது.

"சும்மா கச்சரா மம்மி, குப்பை. ஜே..."

மதினி கட்டைகளில் தேடினாள். "ஜே... த."

"க்யூ. அப்புறம் செமிகோலன்."

"க்யூ எங்க கெடக்கு, மூலையிலயா... ங. அந்த செமி எது? ம், புள்ளி. மேல சொல்லு."

"எஃப்."

"க." மதினியின் விரல் அங்கேயே நின்றது. "த, ங், க..."

ஷாலினி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் வேகமாகச் சொன்னாள்: "கே. ஏ. பீ. ஒய். செமிகோலன்."

"ம. ய. மேல ஒரு சுழி. ல. புள்ளி." மதினி தலையைத் தூக்கினாள். "வைரஸுங்கான் அந்தப் பய. ஏட்டி, இது எம் பேரு!"

உடனே நான் இசக்கிராஜ் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். அவர் பதறவே இல்லை. "அது அப்பிடித்தாம்மா இருக்கும். நம்ம பழைய டைப்பு உள்ளுக்குள்ள ஏபிசிடிதான், மேல ஃபான்ட்டு போத்தியிருக்கும். போர்வைய உருவுனா அப்பிடித்தான் முழிக்கும். ஒங்கண்ணன் பேர் வைக்கும்போதும் தமிழ் விரலுலயே அடிச்சிருவான். எத்தன தடவ சொல்லியிருக்கேன். இரு, வாட்ஸப்புல அனுப்புதேன்."

ஷாலினி அந்த ஃபான்ட்டை ஏற்றினாள். ஃபைலை மூடித் திறந்தாள். தமிழ் வந்து நின்றது.

மதினி கீபோர்டை மார்போடு பிடித்துக்கொண்டாள். "கோகிலா, நீ படி. என்ன இருந்தாலும் மறைக்காமப் படி."

தலைப்பைப் படித்ததும் எனக்கு அடுத்த வரி ஓடவில்லை. 'தங்கமயில் திருவாய் மலர்ந்தருளியவை.' கீழே ஆறு வருஷத்துத் தேதிகள். ஒவ்வொரு தேதிக்கும் எதிரே அவள் சொன்னது, அப்படியே, அவள் வாய்மொழியில்.

'உம்ம முதுகத்தான் நான் கல்யாணம் முடிச்சிருக்கேன், மூஞ்சி அந்தப் பெட்டிக்கு.'

'ஊர்ல செத்தவன் பேரெல்லாம் தப்பில்லாம அடிக்கீரு, ஒரு பால் பாக்கெட் வாங்க மறந்துருதீரு.'

பக்கத்தில் சிலதுக்கு அண்ணனின் குறிப்பு: 'நல்லாருக்கு.' 'பழசு.' 'ராபியாவும் சிரித்தாள்.'

"இதையா உக்காந்து அடிச்சாரு?" என்றாள் மதினி. "பிரஸ் வேலைன்னுல்லா சொன்னாரு. கடேசிக்குப் போ."

கடைசிக்குப் போனேன். அந்த ஜூலைத் தேதி. படித்தேன்.

'நீரு அந்தப் பெட்டியக் கட்டிக்கிட்டே செத்துப் போரும். — பதினேழாவது தடவை. சரக்கு தீர்ந்துவிட்டது போல. பாவம், காலையில் பருப்பு வேகவில்லை. சாயங்காலம் தாதர் போய் கேஸ்கெட் வாங்கிவிட வேண்டும்.'

ஷாலினி என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். மதினி "கேஸ்கெட்டா" என்றாள். திரும்பவும் "கேஸ்கெட்டுக்கா தாதர் போனாரு" என்றாள். அழுதாள். கொஞ்ச நேரம்தான். மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டு எழுந்தவள், திரைக்கு முன்னால் வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"பதினேழெல்லாம் இருக்காது. கூட்டி எழுதியிருக்காரு. ஷாலினி, மொதல்லருந்து தள்ளு."

வரி வரியாகப் படித்தாள். நடுநடுவே, "இது நான் சொல்லல", "இது சொன்னேன், சொல்லும்படி வச்சாரு", "ஐயய்ய, இதையுமா" என்று அவனோடு வழக்காடிக்கொண்டே விரல்விட்டு எண்ணினாள். குக்கரில் பருப்பு கருகும் வாசனை வந்து நான் போய் அணைத்தேன். அதற்குப் புது கேஸ்கெட் போட்டு ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. பட்டறையில் கூட வேலை செய்யும் பேராச்சி வாங்கிக்கொடுத்தது.

"பதினாறு," என்றாள் மதினி, ஜெயித்துவிட்ட முகத்தோடு. "பாத்தியா கோகிலா? ஒண்ணு கூட்டித்தான் எழுதியிருக்காரு. இவரு போட்ட நோட்டீஸையெல்லாம் ஊரு நம்புச்சு."

பழைய கீபோர்டை மடியில் வைத்து எழுத்தைத் தேடினாள், புதியதில் ஒற்றை விரலால் குத்தினாள். எங்கள் இரண்டு பேரையும் கிட்டே விடவில்லை. இருபது நிமிஷம் ஆனது. ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது, நான் சொல்லவில்லை. அண்ணனின் கடைசி வரிக்குக் கீழே இப்போது அது இருக்கிறது:

'பதினாறுதான. நல்லா எண்ணிப் பாரும்.'

மறுநாள் காலை தண்ணீர் வந்தபோது அவள் போட்ட சத்தத்தில், ராபியா குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாளாம்.