சல்கின் சொல்லாமல் விட்டது

நாரின் நகரத்தை ஒட்டிய மலைக் கிராமங்களில் சீனமொழி தெரிந்தவள் சல்கின் ஒருத்திதான். சீன அரசின் உதவித்தொகையில் உரும்சிக்குப் போய் நாலு வருஷம் படித்தவள். மலையைக் குடைந்து சாலை போட வந்த சீனக் கம்பெனி அவளை மொழிபெயர்ப்பாளராகச் சேர்த்துக்கொண்டது. மேலாளர் ஃபெங்கிடம் சொல்லித் தம்பி டோக்டோசுனுக்கும் அங்கேயே வேலை வாங்கினாள். அவளுக்கும் அவனுக்கும் நடுவில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. இவனாவது நிற்கட்டும் என்றுதான் அம்மா சாய்ரா, 'நிற்கட்டும்' என்று பொருள்படும் அந்தப் பெயரை வைத்திருந்தாள்.

மார்ச் மாதம், சுரங்கத்தின் கூரையில் தண்ணீர் கசிகிறது என்று ஆட்கள் முறையிட்டார்கள். சல்கின் போய்ச் சொன்னாள்.

"பாக்கறேன். ஆனா வேலைய நிறுத்த முடியாது. தேதி தள்ளிப்போச்சுன்னா மேலிடம் என் கழுத்தப் புடிக்கும்" என்றார் ஃபெங்.

"பாக்கறேன்னு சொல்றாரு" என்று மட்டும் ஆட்களிடம் சொன்னாள் சல்கின். வீண் சண்டை எதற்கு என்று நினைத்தாள்.

"அவ்ளோ நேரம் பேசினாரு, நீ ஒரே வார்த்தைல முடிச்சிட்டியே அக்கா! சீனம் அவ்ளோ நீளமா?" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனான் தம்பி.

பத்தாம் நாள் கூரை டோக்டோசுன் மேல் இறங்கியது.

முற்றத்தில் துக்கக் கூடாரம் போட்டார்கள். பெண்கள் வழக்கப்படி அதன் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். சல்கின் வாய்விட்டு அழத் தொடங்கிய நேரத்தில் ஃபெங் மாவு மூட்டைகளோடு வந்து நின்றார். பெரியப்பா கூடார வாசலில் குனிந்து, "எழுந்து வாம்மா, உன்ன விட்டா ஆளில்ல" என்றார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மாவோடு வெளியே வந்தாள். "மலை சரிஞ்சா யாரால தடுக்க முடியும்?" என்றார் ஃபெங். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. சல்கின் அதைச் சொல்லுக்குச் சொல் அம்மாவிடம் சொன்னாள்.

"ஒழுகுதுன்னு இவனுக்கு முன்னாடியே தெரியுமான்னு கேளு" என்றாள் சாய்ரா.

கேட்டாள். ஃபெங் தலை குனிந்தார். "நீதானே வந்து சொன்னே" என்றார், மெதுவாக.

சுற்றி நின்றவர்கள் அவள் வாயையே பார்த்தார்கள்.

"தெரியும்மா. நான்தான் சொன்னேன். வேலைய நிறுத்த முடியாதுன்னுட்டாரு. அத நான் யார்கிட்டயும் சொல்லல."

"தம்பிகிட்டயுமா?"

சாய்ரா உள்ளே போய் மறுபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். அதன்பின் மகளிடம் தேவைக்கு மேல் அவள் பேசியதில்லை.

அடுத்த வருஷம் சுரங்கப்பாதை திறந்தது. சரக்கு லாரிகள் வரிசையாக ஓடுகின்றன. சாய்ரா மட்டும் இன்னும் பழைய கணவாய் வழியாகச் சுற்றித்தான் போய்வருகிறாள்.

சல்கின் தலைநகர் பிஷ்கேக்கில் ஒரு தையல் கூடத்தில் துணி வெட்டுகிறாள். துணி கொண்டுவரும் சீன வியாபாரிகள் அவள் எதிரிலேயே விலை பற்றித் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். "என்னதான் பேசித் தொலைக்கறானுங்களோ!" என்று முதலாளியம்மா அலுத்துக்கொள்வாள். சல்கின் தலை நிமிராமல் வெட்டிக்கொண்டிருப்பாள்.