பூஜ்ஜியத்தில் கிடக்கும் முள்

அண்ணனின் காரில் வேகம் காட்டும் முள் வெள்ளை நிறம். வண்டி நிற்கும்போது இடது ஓரத்தில் பூஜ்ஜியத்தின் மேல் சாய்ந்து கிடக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை முடிந்து வந்ததும் ஷெட்டைத் திறந்து, தார்ப்பாயை விலக்கி, என்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிடுவது என் வேலை. பேட்டரி இறங்கிவிடக் கூடாது என்று அண்ணன் சொல்லிவிட்டுப் போனான். பக்கத்து இருக்கையில் மகள் ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பாள். நான் முள்ளைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அண்ணன் வளைகுடாவில் லிஃப்ட் மெக்கானிக். பாகங்களைப் பெட்டி பெட்டியாக வரவழைத்து, லீவுக்கு வரும்போதெல்லாம் இராஜாக்கமங்கலத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் கொஞ்சமாகப் பூட்டிய கிட் கார் அது. உடம்பு முழுக்க ஃபைபர், அடியில் இரும்புச் சட்டம். ரோட்டில் ஓட்டப் பதிவு கிடைக்கவில்லை. எங்கள் தென்னந்தோப்புப் பாதையில் மட்டும் ஓடும். அந்தப் பாதை முடிகிற இடத்தில்தான் சபைக் கோயில். மகளின் ஞானஸ்நானத்துக்குத் தாய்மாமன் தன் காரில்தான் அவளைக் கொண்டுபோவான் என்று ஒற்றைக்காலில் நின்றான். ஞானஸ்நானம் முடிந்த மறுநாள் அவனுக்கு விமானம்.

பிள்ளை பிறந்த நாளிலிருந்து எனக்குச் சரியான உறக்கம் இல்லை. அவள் மூச்சு விடுகிறாளா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிற காலம் அது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த முள் பூஜ்ஜியத்தில் விழுவதைப் பார்த்ததும், இது சரியாகாமல் பிள்ளையை ஏற்றமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வேகமுள்ளுக்கும் பிரேக்குக்கும் என்ன சம்பந்தம் என்று பிறகு எனக்கே சந்தேகம் வந்தது. ஆனாலும் தெரிந்த பழுதையே விட்டுவைத்த வண்டியில் தெரியாத பழுது எத்தனை இருக்குமோ.

ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள் அது. அண்ணன் வாதாடவில்லை. பின்சக்கரங்களைத் தூக்கி முட்டுக்கொடுத்து, அடியில் போய்ப் படுத்தான். சக்கரத்துக்குப் போகும் தண்டில் ஒரு காந்தம். அது சுற்றுவதை எண்ணி முள்ளுக்குச் சொல்ல ஒரு சென்சார். புது சென்சார் போட்டான். காந்தத்துக்குப் பக்கமாக நகர்த்தினான். வயரை மாற்றினான். ஒவ்வொரு முறையும் அவன் கியர் போட்டுச் சக்கரங்களைக் காற்றில் சுற்றவிடுவான்; நான் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்து முள்ளைப் பார்த்துச் சொல்லவேண்டும். இருபதா, இருபத்தைந்தா என்று என் கண்ணையே நான் நம்பவில்லை.

அம்மா வாசலில் வந்து நின்றாள். "ஏலே, பிள்ளைய கோயிலுக்கு கொண்டு போவியா, இல்ல வண்டிக்க அடியிலேயே கெடப்பியா?"

அப்போது ஒரு கோழி காருக்கு முன்னால் வந்தது. நான் பதறி ஹாரனை அழுத்தினேன். அண்ணன் சிரித்தான். "ஏட்டி, முட்டுக்கொடுத்து நிக்க வண்டி கோழிய இடிக்குமா?"

"முள்ளு விழுந்துட்டு அண்ணா."

சிரிப்பு நின்றது. "இன்னொருக்க அடி மக்கா."

அடித்தேன். மறுபடியும் விழுந்தது.

ஃபைபரில் கரண்ட் பாயாது. அதனால் ஹாரன், விளக்கு, முள் எல்லாவற்றுக்கும் எர்த் வயர்கள் ஒரே போல்ட்டில் வந்து சேர்ந்து இரும்புச் சட்டத்தைத் தொடவேண்டும். உப்புக்காற்று அரிக்குமே என்று, கிறிஸ்மஸுக்கு ஜன்னல் கம்பிகளுக்கு அடிப்பதுபோலச் சட்டம் முழுக்க இரண்டு கோட்டிங் பெயின்ட் அடித்திருந்தான். போல்ட்டுக்கு அடியிலும் பெயின்ட். இரும்பைக் காப்பாற்றப் போய் எர்த்தை மூடிவிட்டான். மிஞ்சிய கொஞ்ச வழியையும் ஹாரன் எடுத்துக்கொண்டால் முள்ளுக்குக் கரண்ட் இல்லை. உப்புத்தாளால் தேய்த்து இரும்பு தெரிந்ததும் போல்ட்டை முறுக்கினான். நான் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தேன். இந்த முறை முள் விழவில்லை.

மறுநாள் பிள்ளையை மடியில் வைத்து அந்தக் காரில்தான் போனேன். தோப்பு நெடுக முள் இருபதைத் தாண்டவேயில்லை. அது மட்டும்தான் நினைவிருக்கிறது. அண்ணன் என்ன சட்டை போட்டிருந்தான், வழியில் என்ன பேசினான், எதுவும் தெரியாது. நான் அவன் பக்கம் திரும்பவேயில்லை.

பிறகு அவன் கம்பெனி மாறினான். லீவு தள்ளித் தள்ளிப் போகிறது. மகள் பள்ளிக்கூடம் போகிறாள். மாமனை ஃபோனில்தான் தெரியும். அவளும் முகத்தைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டாள், நெட் இல்லை என்கிறான். எப்போது கேட்டாலும், "சொகமா இருக்கேன் மக்கா." குரலில் ஒன்றும் தெரிவதில்லை. உண்மைதானா என்று அன்று முழுக்க யோசிப்பேன்.

போன ஞாயிறு என்ஜின் ஓடிக்கொண்டிருந்தபோதே ஃபோன் வந்தது. சத்தம் கேட்டுச் சந்தோஷப்பட்டான். "முள்ளு எப்படிட்டி இருக்கு?"

பார்த்தேன். பூஜ்ஜியத்தில் கிடந்தது. நிற்கிற வண்டியில் முள் அங்கேதான் கிடக்கும். பழுதாகியிருந்தாலும் அங்கேதான் கிடக்கும். ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். எனக்கு ஓட்டத் தெரியாது, அவன்தான் வரவேண்டும்.

"சரியாத்தான் இருக்கு அண்ணா," என்றேன்.